நெய்யில் பிறந்த சட்டம்

1917 ஆகஸ்டில் கல்கத்தாவின் ஹூக்ளி நதிக்கரையில் ஆயிரக்கணக்கான பிராமணர்கள் கூடி உட்கார்ந்து உபவாசம் இருந்தார்கள். கிரகணம் எதுவும் இல்லை, திருவிழாவும் இல்லை. காரணம் நெய். கடைத்தெருவில் விற்ற நெய்யில் மிருகக் கொழுப்பு கலந்திருக்கிறது என்பது அம்பலமாகிவிட்டது. ஹோமத்தில் வார்த்தது, நைவேத்தியத்தில் சேர்த்தது, தினமும் சோற்றில் விட்டுக்கொண்டது எல்லாமே அந்த நெய்தான் என்றால் பிராயச்சித்தம் செய்யாமல் வீடு திரும்ப முடியாது. நெய் வியாபாரம் பெரும்பாலும் மார்வாரிகள் கையில் இருந்தது. அவர்களுடைய சமூகப் பஞ்சாயத்தே கூடிக் கலப்படக்காரர்களுக்கு அபராதம் போட்டது, சிலரைச் சாதியிலிருந்து விலக்கியும் வைத்தது. எந்த விஷயத்திலும் ஆமை வேகத்தில் நகரும் காலனி அரசு இந்த ஒன்றில் மட்டும் ஓடியது. வங்காளச் சட்டசபையில் நெய்க்கென்றே அவசரமாகச் சட்டம் வந்தது. மறு ஆண்டு, 1918இல், சென்னை மாகாணம் கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றியது. 1919இல் வங்காளம் உணவு முழுவதற்கும் சட்டம் கொண்டுவந்தது. பம்பாய் 1925இல் வந்து சேர்ந்தது.

இன்று பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறம் 14 இலக்க உரிம எண் ஒன்று அச்சாகியிருக்கிறதே, அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் இந்த நெய்யில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 272, 273 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. உணவில் கலப்படம் செய்தால் ஆறு மாதம் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம். ஆனால் கலந்த பொருள் உடம்புக்குத் தீங்கானது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். பன்றிக் கொழுப்பு கலந்த நெய் பற்றிய வழக்கு 1920களில் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது இந்த ஓட்டை வெட்டவெளிச்சமானது. மத உணர்வுக்கு அது அருவருப்பாக இருக்கலாம், ஆனால் உணவு என்ற அளவில் தீங்கானது இல்லை, ஆகவே இந்தப் பிரிவில் குற்றமாகாது என்றது நீதிமன்றம். சட்டத்தின் எழுத்துப்படி அது சரியான தீர்ப்புதான். கேட்டது நெய், கிடைத்தது வேறு ஏதோ என்பதையே குற்றமாக்கும் சட்டம் தேவைப்பட்டது. இங்கிலாந்து 1875இல் அப்படி ஒன்றைச் செய்திருந்தது. மாகாணச் சட்டங்கள் பிடித்துக்கொண்டது அந்த நூலைத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நெய்க்காக நதிக்கரை நிறைந்ததற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே, மத்திய இந்தியாவில் கேசரிப் பருப்பைத் தின்று இளைஞர்களுக்குக் கால் விளங்காமல் போனதை ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1844இல் வெளியான தன் நூலில் எழுதிவைத்தார். மழை பொய்த்தாலும் விளையும் பயிர் அது. ரீவா பகுதியில் பண்ணையாட்களுக்குக் கூலியாகவே அதை அளந்தார்கள். மாதக்கணக்கில் அதையே தின்றவர்கள் கோலூன்றி நடந்து, கடைசியில் தவழ்ந்தார்கள். அவர்களுக்காக எந்தச் சட்டசபையும் அவசரக் கூட்டம் போடவில்லை. நம் உணவுச் சட்டம் யாருடைய கூக்குரலுக்குப் பிறந்தது, யாருடைய வலிக்குப் பிறக்கவில்லை என்பது அதன் ஜாதகத்திலேயே இருக்கிறது.

நெய்யின் கதை இன்னும் முடியவில்லை. 1930களில் வனஸ்பதி பரவியது. 1937இல் டால்டா கடைக்கு வந்த பிறகு, நம் ஊரில் அந்தப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி உறையவைத்த பண்டம் அது. பார்வைக்கு நெய் மாதிரியே மணல் மணலாக இருக்கும், விலையோ மலிவு. நெய்யில் கலக்க இதைவிட வசதியான பொருள் வேறு கிடைக்காது. காந்தி கடுமையாக எதிர்த்தார். வனஸ்பதியையே தடைசெய்யக் கோரி தாகூர்தாஸ் பார்கவா 1950இல் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். சாயம் போட்டு விற்கட்டும், பார்த்தாலே தெரிந்துவிடும் என்று ஒரு யோசனை எழுந்தது. சூட்டில் வெளுக்காத, கெடுதல் இல்லாத, எளிதில் பிரித்தெடுக்க முடியாத சாயத்துக்காக ஆராய்ச்சிகளும் நடந்தன. ஒன்றும் தேறவில்லை.

தேறியது நம் நல்லெண்ணெய்தான். விற்பனைக்கு வரும் வனஸ்பதி எதிலும் நூற்றுக்கு ஐந்து பங்குக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று விதி செய்தார்கள். காரணம் சுவையும் இல்லை, சத்தும் இல்லை. எள்ளில் உள்ள ஒரு பொருள், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடும் சில துளி ஃபர்ஃபுராலோடும் சேர்ந்தால் சிவக்கும். போடுவான் சோதனை என்று பெயர். உருக்கிய நெய்யைச் சோதனைக் குழாயில் ஊற்றி, சம அளவு அமிலம் விட்டு, இரண்டு நிமிடம் குலுக்கி நிறுத்திவைத்தால் போதும். சுத்தமான நெய் என்றால் அடியில் தங்கும் அமிலம் நிறம் மாறாது. வனஸ்பதி கலந்திருந்தால் அடியில் செக்கச்செவேல் என்று ஒரு பட்டை விழும். கல்லூரிச் செய்முறை வகுப்பில் ஃபர்ஃபுராலுக்குப் பதில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டுச் செய்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் பலர் இருப்பார்கள். திருடப் போகிறவன் இடுப்பிலேயே மணியைக் கட்டி அனுப்பிய யோசனை இது. வனஸ்பதியைக் கொஞ்சமாகக் கலந்தாலும் தப்பக் கூடாது என்று, 20 பங்கு வனஸ்பதியை 80 பங்கு கடலெண்ணெயில் கரைத்துச் சோதித்தாலும் சிவப்பு எவ்வளவுக்குக் குறையக் கூடாது என்பது வரை விதியில் எழுதிவைத்தார்கள். இந்திய உணவுக் கட்டுப்பாட்டின் வரலாற்றில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒரு வரியை நான் கண்டதில்லை.

அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 1917இல் கல்கத்தா நெய்யில் இருந்தது மிருகக் கொழுப்பு. அதை இந்தச் சோதனை பிடிக்காது.

சுதந்திரம் வந்தபோது மாகாணத்துக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு தரம் என்றுதான் நிலைமை இருந்தது. அரசியல் சாசனம் கலப்படத்தைப் பொதுப் பட்டியலில் சேர்த்ததும் மத்திய அரசுக்கு வழி திறந்தது. 1954இல் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் நிறைவேறி, 1955 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் நாட்டை ஆண்ட அந்தச் சட்டத்தின் உயிர் மூன்று பாட்டில்களில் இருந்தது.

உணவு ஆய்வாளர் பால் கடைக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாம்பிள் எடுக்கப் போகிறேன் என்று முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். சாட்சிக்கு ஆள் கூப்பிட வேண்டும். கடைத்தெருவில் அதுவரை நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கெல்லாம் அந்த நொடியில் அவசர வேலை வந்துவிடும். எடுத்த பாலுக்குக் காசு கொடுத்து ரசீது வாங்க வேண்டும், ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அது ஒரு விற்பனை. பாலைக் கலக்கி மூன்று பாட்டிலில் சமமாக ஊற்றி, கெடாமலிருக்க அளவாக ஃபார்மலின் துளிகள் விட வேண்டும். மூடி, லேபிள் ஒட்டி, கெட்டித் தாளில் சுற்றி, மேலிருந்து கீழாகத் துண்டுச் சீட்டு ஒட்டி, நூலால் கட்டி, அரக்கை உருக்கி நான்கு இடத்தில் முத்திரை வைக்க வேண்டும். ஒன்று உச்சியில், ஒன்று அடியில், இரண்டு உடம்பில். கடைக்காரர் கையெழுத்தோ கைநாட்டோ அந்தத் தாளிலும் சீட்டிலும் பட வேண்டும். ஒரு பாட்டில் பகுப்பாய்வாளருக்குப் போகும். மற்ற இரண்டும் பின்னால் தகராறு வந்தால் பார்த்துக்கொள்ள. பகுப்பாய்வாளர் கலப்படம் என்று சொல்லிவிட்டால், கடைக்காரர் மத்திய உணவு ஆய்வகத்தில் இன்னொரு பாட்டிலைச் சோதிக்கக் கேட்கலாம். அங்கே வரும் முடிவே இறுதி.

இந்தச் சடங்கில் எங்கே கை தவறினாலும் வழக்கு விழுந்தது. தவறாவிட்டாலும் விழுந்தது. டெல்லியில் 1961 செப்டம்பரில் ஒரு கடையில் பசுந்தயிர் சாம்பிள் எடுத்தார்கள். மாநகராட்சி வழக்குப் போட்டது மறு ஆண்டு மே மாதம். அதன் பிறகுதானே கடைக்காரர் தன் பாட்டிலைச் சோதிக்கக் கேட்க முடியும்? கேட்டார். தயிர் அழுகிவிட்டது, ஆய்வு செய்ய வழியில்லை என்று மத்திய ஆய்வகம் திருப்பி எழுதியது. சோதிக்கும் உரிமையை அரசின் தாமதமே பறித்துவிட்டது என்று சொல்லி, விடுதலையை உறுதி செய்தது உச்ச நீதிமன்றம். 1967இல் வெளியான இந்தத் தீர்ப்பு அதற்குப் பிறகு எத்தனை பால்காரர்களைக் காப்பாற்றியது என்பது வக்கீல்களுக்குத் தெரியும்.

இன்னொரு பக்கம் சட்டம் இரக்கமே இல்லாதது. மகாராஷ்டிர மஞ்சள் தூள் வழக்கு ஒன்றில், கலப்படம் என்று விற்றவருக்குத் தெரிந்திருந்ததா என்பதே கேள்வி இல்லை என்றது அதே உச்ச நீதிமன்றம். தெரியாது என்ற வாதம் எடுபடாது. தயாரித்தவரிடமிருந்து உத்தரவாதம் எழுதிய பில் கையில் இருந்தால் தப்பலாம். மண்டியில் மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் துண்டுச் சீட்டில் கணக்கு எழுதித் தருபவரிடம் எந்த மளிகைக் கடைக்காரர் உத்தரவாதம் கேட்க முடியும்? 1964 திருத்தம் குறைந்தபட்சம் ஆறு மாதச் சிறை என்றது. 1976 திருத்தம், கலப்படத்தால் சாவோ கொடுங்காயமோ நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை போனது. தண்டனை உயர உயர, மூன்று பாட்டிலும் அதே கடைசிக் கடைக்காரரின் கல்லாவுக்கு எதிரேதான் நின்றன. அரைத்தவர், கலந்தவர், லாரியில் ஏற்றியவர் எல்லோரும் அந்த அரக்கு முத்திரைக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள்.

கேசரிப் பருப்புக்கும் 1961இல் ஒருவழியாக இந்தச் சட்டத்தின் கீழ் விதி வந்தது, எண் 44-ஏ. எந்த மாநிலத்திலும் யாரும் அதை விற்கக் கூடாது, அந்தந்த மாநில அரசு அரசிதழில் குறிப்பிடும் தேதி முதல். தேதியைக் குறிப்பிட விரும்பாத மாநிலத்தில் விதி தூங்கும். கேசரி விளையும் சில மாநிலங்களில் அது நன்றாகவே தூங்கியது. தமிழ்நாட்டில் நாம் அந்தப் பருப்பை அறிந்ததெல்லாம் துவரம்பருப்பில் கலக்கும் சரக்காகத்தான்.

வாங்குகிறவர் இந்தக் கதைக்குள் நுழைந்தது வெகு தாமதமாக. பம்பாயில் 1966இலேயே நுகர்வோர் வழிகாட்டும் சங்கம் தோன்றிவிட்டது. இந்தியாவுக்கு வெளியே, பினாங்கைச் சேர்ந்த அன்வர் ஃபசல் 1978 முதல் ஆறு ஆண்டுகள் உலக நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்தார். அந்தக் கூட்டமைப்பு விடாமல் நெருக்கியதன் பலனாக 1985இல் ஐ.நா. பொதுச்சபை நுகர்வோர் பாதுகாப்பு நெறிமுறைகளை ஏற்றது. மறு ஆண்டே, 1986 டிசம்பரில், இந்தியா நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு சத்தமில்லாமல் கலப்படச் சட்டத்திலும் ஒரு திருத்தம் சேர்ந்தது. நுகர்வோர் சங்கங்களும் சாம்பிள் கொடுத்துச் சோதிக்கலாம், வழக்குப் போடலாம். அதுவரை சோற்றைத் தின்றவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஆய்வாளரும் கடைக்காரரும் மட்டுமே ஆடிய ஆட்டம் அது.

ஆட்டத்தின் விதிகளே பிழை என்று காட்டியது 1998ஆம் ஆண்டு. அந்த ஆகஸ்டில் டெல்லி மருத்துவமனைகளுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கடுகெண்ணெயில் பிரமதண்டு எண்ணெய் கலந்திருந்தது. நம் ஊர்த் தரிசில் மஞ்சள் பூவும் முள்ளுமாக நிற்குமே, அந்தச் செடிதான். விதை கடுகு போலவே கருத்துச் சிறுத்து இருக்கும். அதிலுள்ள நஞ்சு, ரத்தக் குழாய்களைக் கசியவைத்து இதயத்தை அடித்துவிடும். 60 பேருக்கு மேல் இறந்தார்கள், ஏறத்தாழ 3,000 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

கொடுமை என்னவென்றால், இதில் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. இந்த நீர்க்கோவை நோய் கல்கத்தாவில் 1877இலேயே பதிவானது. பிரமதண்டு மேல் சந்தேகம் 1926இல் விழுந்தது. லால், ராய் என்ற இரு ஆய்வாளர்கள் 1937இல் அதை உறுதி செய்தார்கள். நைட்ரிக் அமிலம் விட்டு நிறம் பார்க்கும் எளிய சோதனையும் கையில் இருந்தது. 60 ஆண்டு அறிவும் 44 ஆண்டுச் சட்டமும் இருந்தும் எண்ணெய் செக்கிலிருந்து அடுப்புக்குப் போய்விட்டது. காரணம், சட்டம் காத்திருந்த இடம் கடை. எண்ணெய் எங்கே ஆட்டப்பட்டது, எந்த டின்னில் எந்தச் சரக்கு போனது, மிச்சத்தை எப்படித் திரும்ப எடுப்பது என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. அரசு கடுகெண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்கத் தடை போட்டது. செப்டம்பரில் சமையல் எண்ணெயைப் பாக்கெட் போட்டே விற்க வேண்டும் என்ற ஆணையும் வந்தது. அதனால் முதலில் அடிபட்டவர்கள் சின்னச் செக்குக்காரர்கள். பாக்கெட் போடும் இயந்திரம் பெரிய ஆலைகளிடம் ஏற்கெனவே இருந்தது.

ஓர் ஆண்டு முன்னால் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறுத்தும். 1997இல் சுகாதாரம் போதவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மீன் இறக்குமதியை நிறுத்தியது. உடனே கடற்கரை ஊர்களின் பதனிடும் ஆலைகளில் தரை மாறியது, தண்ணீர் மாறியது, ஐஸ் மாறியது. ஏற்றுமதி ஆய்வுக் குழு ஆலை ஆலையாக ஏறி இறங்கியது. மீன் பிடித்த இடத்திலிருந்து பெட்டி வரை கணக்கு வைக்க நமக்குத் தெரியும் என்பது அப்போது நிரூபணமானது. தட்டு வேறு நாட்டினுடையது, அவ்வளவுதான்.

அதன் பிறகு சட்டத்தை மாற்றும் முயற்சி வேகம் பிடித்தது. தொழில் துறையினரும் ஒரே சட்டம் கேட்டார்கள். எண்ணெய்க்கு ஓர் ஆணை, பாலுக்கு ஓர் ஆணை, பழ ஜூஸுக்கு ஓர் ஆணை, இறைச்சிக்கு இன்னொன்று என்று பல அமைச்சகக் கதவுகளில் ஏறி இறங்கி அலுத்திருந்தார்கள். 2003இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் முதலில் பாட்டில் தண்ணீரிலும், ஆகஸ்டில் குளிர்பானங்களிலும் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. நாடாளுமன்றக் கேன்டீனிலேயே அந்தப் பானம் நின்றுபோனது. சரத் பவார் தலைமையில் கூட்டுக்குழு அமைந்தது. 2004 பிப்ரவரியில் அதன் அறிக்கை வந்தது. அதே 2003இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் வளரும் நாடுகளுக்காக எழுதிய வழிகாட்டியில் சொன்னதும் இதுதான்: பல துறைகள் ஆளுக்கொரு மூலையில் இழுத்தால் இடைவெளி விழும், கடைசிப் பொருளை மட்டும் சோதித்துப் பயனில்லை, வயலிலிருந்து தட்டு வரை பாருங்கள்.

2006 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் ஒப்புதல் பெற்றது. 2008 செப்டம்பரில் ஆணையம் அமைந்தது. விதிகள் எழுதி நடைமுறைக்கு வர 2011 ஆகஸ்ட் ஆகிவிட்டது. பழைய எட்டுச் சட்டங்களும் ஆணைகளும் ஒரே நாளில் ஓய்வு பெற்றன. ஆய்வாளர், உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆனார். மூன்று பாட்டில் நான்கானது. நான்காவதை, கடைக்காரர் கேட்டால், அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்கும் அனுப்பலாம். பகுப்பாய்வாளர் 14 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தரம் குறைவு, லேபிளில் பொய், உயிருக்கு ஆபத்து என்று குற்றங்கள் பிரிந்தன. முதல் இரண்டுக்குச் சிறை இல்லை, பண அபராதம்தான். தமிழ்நாட்டில் அதை விதிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். ஆபத்தான சரக்கைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவது தயாரித்தவரின் கடமை என்பது சட்டத்தில் எழுத்தாக ஏறியது. தள்ளுவண்டிக்காரர் கூட 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்று அப்போது விதி வந்தது. இப்படித்தான் அந்த 14 இலக்கம் பிறந்தது. 1 என்று தொடங்கினால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாடு என்றால் 24. அதற்கடுத்த இரண்டு, எண் வழங்கிய ஆண்டு. கடையில் வாங்கிய முறுக்கு எந்த ஊர்க் கூடத்தில் பொரிந்தது என்று பின்னோக்கிப் போக முதல் முறையாக ஒரு கயிறு கிடைத்தது.

பாட்டிலின் பழைய தோஷம் மட்டும் விடவில்லை. 2014இல் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் ஓர் அலுவலர் எடுத்த மேகி நூடுல்ஸ் சாம்பிள், 2015 ஜூன் 5 அன்று நாடு தழுவிய தடையில் முடிந்தது. ஆகஸ்ட் 13 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சோதித்த ஆய்வகங்களுக்குச் சட்டம் கேட்கும் அங்கீகாரம் இல்லை, நிறுவனத்தின் வாதத்தையும் முறையாகக் கேட்கவில்லை என்பது காரணம். அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுசோதனை நடந்து, நவம்பரில் பாக்கெட்டுகள் கடைக்குத் திரும்பின. தயிர் அழுகிய வழக்குக்கும் இதற்கும் நடுவே அரை நூற்றாண்டு. சட்டம் எழுதுவது எளிது, ஆய்வகம் கட்டி ஆளும் கருவியும் நிரப்புவதுதான் செலவு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, சேலம், மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை என்று ஆறு அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. இட்லி மாவு முதல் அல்வா வரை அலுவலர்கள் எடுப்பதெல்லாம் இந்த ஆறுக்குள்தான் போய்ச் சேர வேண்டும்.

கடைசிக் கடைக்காரரிடம் தொடங்கிய சட்டம் மொத்த வியாபாரி, ஆலை, கிடங்கு, லாரி என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி நடந்து வந்திருக்கிறது. நடை எங்கே நிற்கிறது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. 18ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, இந்தச் சட்டம் விவசாயிக்கும் மீனவருக்கும் பயிருக்கும் கால்நடைக்கும் பொருந்தாது என்கிறது. கோயம்பேட்டில் இறங்கிய கத்தரிக்காயில் அலுவலர் சாம்பிள் எடுக்கலாம். அது காய்த்த தோட்டத்தில் முந்தைய வாரம் என்ன மருந்து, எத்தனை முறை தெளித்தார்கள் என்று கேட்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ், வேறொரு துறையின் கோப்பில் இருக்கிறது.